அணியைப் படமாகக் காட்டும்போது ஒய் அச்சு தலைகீழாகிறது: திருப்ப வேண்டியது அச்சையா, தரவையா?

அலைவரிசை:
வணக்கம். ஒரு ஒலிப்பதிவின் ஸ்பெக்ட்ரோகிராமை (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு வலிமை என்று காட்டும் படம்) மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் இமேஜ்எஸ்சி (அணியை வண்ணப் படமாக வரையும் கட்டளை) கொண்டு காட்டுகிறேன். மாதிரி வீதம் 8000 ஹெர்ட்ஸ், எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) நீளம் 256. அணியில் 129 நிரைகள். முதல் நிரை 0 ஹெர்ட்ஸ், கடைசி நிரை 4000. படத்தில் 0 மேலேயும் 4000 கீழேயும் வருகிறது. அணியின் நிரைகளை மேல்கீழாகத் திருப்பும் ஃபிளிப்யூடி போட்டால் தாழ்ந்த ஒலிகள் கீழே வந்துவிடுகின்றன, பார்வைக்குச் சரி. ஆனால் சோதனைக்காகச் சேர்த்த 1000 ஹெர்ட்ஸ் தொனிக்கு நேராக அச்சில் 3000 என்று இருக்கிறது. கோட் இவ்வளவுதான்:

இமேஜ்எஸ்சி(நேரம், அதிர்வெண், ஃபிளிப்யூடி(அளவு))

எங்கே இடிக்கிறது?

நிரைநிரல்:
ஃபிளிப்யூடியை எடுத்துவிட்டு, இமேஜ்எஸ்சி வரிக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்:

இமேஜ்எஸ்சி(நேரம், அதிர்வெண், அளவு)
ஆக்சிஸ் எக்ஸ்ஒய்

இதற்கு நேர் எதிரான கட்டளை ஆக்சிஸ் ஐஜே. நீளமாக எழுத வேண்டுமானால் செட்(ஜிசிஏ, 'ஒய்டிர்', 'நார்மல்'); ஜிசிஏ என்பது நடப்பு அச்சு, ஒய்டிர் என்பது ஒய் அச்சின் திசை. மூன்றும் தொடுவது அச்சின் ஒய்டிர் பண்பை மட்டும்தான்; தரவில் கை வைப்பதில்லை.

3000 எப்படி வந்தது என்று பார்ப்போம். நிரைகளுக்கு இடையே 8000/256 = 31.25 ஹெர்ட்ஸ். 1000 ஹெர்ட்ஸ் இருப்பது 33ஆம் நிரையில். ஃபிளிப்யூடிக்குப் பிறகு அது 97ஆம் நிரை. அதிர்வெண் வெக்டரை நீங்கள் திருப்பவில்லை, எனவே 97ஆம் நிரைக்கு மேட்லேப் வைக்கும் இடம் 96 × 31.25 = 3000. அச்சு இன்னும் தலைகீழாகவே இருப்பதால் அந்த 3000 கீழ்ப்பகுதியில் நிற்கிறது. உருவம் சரியாகி, எண் பொய்யாகிவிட்டது. தொனி ஒன்றைச் சேர்த்திருந்ததால் கண்ணில் பட்டது. வெறும் பேச்சொலியாக இருந்தால் இந்தப் படம் அப்படியே அறிக்கைக்குள் போயிருக்கும்.

தலைகீழாக வருவதற்குக் காரணம் எளிது. அணியைத் தாளில் எழுதும்போது முதல் நிரை மேலே இருக்கும், படக்கோப்புகளும் பெரும்பாலும் அப்படியே. வரைபட அச்சிலோ பூஜ்யம் கீழே. இமேஜ், இமேஜ்எஸ்சி, இம்ஷோ எல்லாம் முதல் வழக்கத்தைப் பின்பற்றி ஒய்டிர்ரை 'ரிவர்ஸ்' ஆக்கிவிடும். இது பிழை அல்ல. அச்சு எண்களும் தரவும் அப்போதும் பொருந்தியே இருக்கின்றன.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம். ஆக்சிஸ் எக்ஸ்ஒய் என்பதை இமேஜ்எஸ்சிக்கு முன்னால் போட்டால் பயனில்லை; ஹோல்ட் ஆஃப் நிலையில் (பழைய படத்தை வைத்துக்கொள்ளாத இயல்பு நிலை) இமேஜ்எஸ்சி அச்சின் பண்புகளை மறுபடி அமைக்கும், நீங்கள் போட்டது அழிந்துபோகும். மறுபக்கம், ஏற்கெனவே ஒரு கோடு வரைந்து ஹோல்ட் ஆன் செய்துவிட்டு இமேஜ்எஸ்சி அழைத்தால் அது ஒய்டிர்ரைத் தொடாது, படம் முதல் நிரை கீழே இருக்கும்படி வரும். ஒரே கோட் ஒரு முறை நேராகவும் ஒரு முறை தலைகீழாகவும் வருகிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அலைவரிசை:
மிக்க நன்றி, 1000 இப்போது 1000 ஆகவே இருக்கிறது. இன்னொன்று. நேரலையில் வரும் ஒலிக்கு லூப்புக்குள் இமேஜ்எஸ்சி அழைக்கும்போது, முதல் சட்டத்துக்கு (ஃபிரேம்) பிறகு மீண்டும் தலைகீழாகிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சிஸ் எக்ஸ்ஒய் போடலாமா?

நிரைநிரல்:
போடலாம், ஆனால் சுற்றுக்கொரு முறை படப்பொருளை அழித்துப் புதிதாக உருவாக்குவது வீண் வேலை, திரையும் மினுக்கும். லூப்புக்கு வெளியே ஒரே ஒரு முறை வரையுங்கள்:

படம் = இமேஜ்எஸ்சி(நேரம், அதிர்வெண், அளவு, [-80 0])
ஆக்சிஸ் எக்ஸ்ஒய்

லூப்புக்குள் படம்.சிடேட்டா = புதிய_அளவு, அடுத்து திரையைப் புதுப்பிக்கும் டிராநவ். அச்சின் பண்புகளை யாரும் தொடாததால் திசை நிலைத்திருக்கும். [-80 0] என்பது டெசிபெல் எல்லை. அதைக் கட்டிவைக்காவிட்டால் ஒவ்வொரு சட்டத்துக்கும் வண்ண அளவுகோல் மாறிக்கொண்டே இருக்கும். அமைதியான நொடியில் வெறும் இரைச்சலே பளபளவென்று தெரியும்.

திசைமாறி:
ஒரு மாற்றுக் கருத்து. தரவையும் அதிர்வெண் வெக்டரையும் சேர்த்தே திருப்பிவிட்டால் எண்ணும் சரியாக இருக்குமே? ஆக்சிஸ் எக்ஸ்ஒய் மாதிரி மறைமுகமான நிலையை நம்புவதைவிட, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தரவிலேயே செய்வது தெளிவு என்பது என் எண்ணம்.

நிரைநிரல்:
இமேஜ்எஸ்சியில் அதைச் செய்து பாருங்கள், படம் துளியும் மாறாது. முதல் நிரை இப்போது 4000, அதன் இடமும் 4000. அச்சு தலைகீழ் என்பதால் 4000 கீழே. தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். இரண்டையும் ஒருசேரத் திருப்புவது ஒன்றையொன்று ரத்து செய்துவிடும்.

இதைக் கண்டதும் பலர் செய்வது, தரவை மட்டும் திருப்பிவிட்டு ஒய்டிக்லேபிள் கொண்டு எண்களைக் கையால் எழுதுவது. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். ஜூம் செய்தால் குறிகள் நகரும், எழுதிவைத்த எழுத்துகள் பழைய வரிசையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மவுஸால் புள்ளியைச் சொடுக்கி ஜிஇன்புட்டில் எடுத்தால் கிடைப்பது அச்சின் உண்மையான ஆயம், நீங்கள் எழுதிய எண் அல்ல. அச்சை மட்டும் திருப்பியிருந்தால் ஒய் = 1000 என்பது ரவுண்ட்(1000/31.25)+1 = 33ஆம் நிரை, கணக்கு நேராகப் போகும். தரவைத் திருப்பியிருந்தால் ஒவ்வொரு இடத்திலும் 130 கழித்தல் நிரை எண் என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் போச்சு.

திசைமாறி:
இரண்டும் ரத்தாகும் என்பது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரவைத் திருப்பியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. கோப்பாகச் சேமிக்கும்போது இம்ரைட் அச்சையெல்லாம் பார்க்காது, அணியின் முதல் நிரையைப் படத்தின் மேல் வரியாக எழுதிவிடும். திரையில் ஆக்சிஸ் எக்ஸ்ஒய் போட்டு நேராகப் பார்த்த படம், கோப்பில் தலைகீழாக வந்து விழும். ஓபன்ஜிஎல்லில் டெக்ஸ்சர் ஏற்றும்போது முதல் வரி கீழ்வரியாகக் கொள்ளப்படும். பிஎம்பி கோப்பின் பைட்டுகளை நேரடியாகப் படித்தால், தலைப்பில் உயரம் நேர்க்குறியாக இருந்தால் வரிகள் கீழிருந்து மேலே, எதிர்க்குறியாக இருந்தால் மேலிருந்து கீழே. அச்சு என்ற ஒன்றே இல்லாத இந்த இடங்களில் ஃபிளிப்யூடிதான் வழி.

நிரைநிரல்:
முழுக்கச் சரி. அச்சு இருக்கிற இடத்தில் அச்சைத் திருப்புவோம், இல்லாத இடத்தில் தரவை. பைத்தானில் படத்தைக் கோப்பாகச் சேமிக்கும் பிஎல்டி.இம்சேவ் மட்டும் ஆரிஜின் என்ற அளவுருவை ஏற்கும், அங்கே அதுவே போதும்.

சட்டகம்:
பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப் பக்கம் இதே கதை வேறு பெயரில் நடக்கிறது. அங்கே மேட்லேப்பைவிட ஒரு பொறி கூடுதல் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இம்ஷோவில் ஆரிஜின், எக்ஸ்டென்ட் என்று இரண்டு அளவுருக்கள். பின்னது படம் அச்சில் எங்கிருந்து எங்குவரை என்ற எல்லை. ஆரிஜினின் இயல்பு மதிப்பு 'அப்பர்', அதாவது [0, 0] உறுப்பு மேல் இடது மூலையில். எக்ஸ்டென்ட் எதுவும் தராதவரை, அப்பர் என்றால் அச்சும் தலைகீழாகும், லோயர் என்றால் நேராகும். எண்கள் எப்போதும் நிரை எண்ணோடு பொருந்தும். அதுவரை பிரச்சினை இல்லை.

எக்ஸ்டென்ட் கொடுத்த கணத்தில் நிலைமை மாறுகிறது. அதன் வரிசை இடது, வலது, கீழ், மேல். அச்சின் திசையை முடிவு செய்வது இப்போது எக்ஸ்டென்ட். முதல் நிரை எந்த முனையில் உட்காரும் என்பதை முடிவு செய்வது ஆரிஜின். இரண்டும் தனித்தனி. உங்கள் ஸ்பெக்ட்ரோகிராமுக்கே பாருங்கள்:

இம்ஷோ(அளவு, எக்ஸ்டென்ட்=(0, 5, 0, 4000), ஆஸ்பெக்ட்='ஆட்டோ')

ஒய் அச்சு 0 கீழே, 4000 மேலே என்று அழகாக வரும். எல்லாம் சரி என்றுதான் தோன்றும். ஆனால் ஆரிஜின் இன்னும் அப்பர். 0 ஹெர்ட்ஸ் நிரை மேலே, 4000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தொனி மறுபடியும் 3000க்கு அருகே. எனவே எக்ஸ்டென்ட் எழுதும்போதெல்லாம் ஆரிஜினையும் பக்கத்திலேயே எழுதுங்கள், இயல்பு மதிப்பை நம்பாதீர்கள். ஆர்சி அமைப்பில் (இயல்பு மதிப்புகளை வைத்திருக்கும் இடம்) இமேஜ்.ஆரிஜின் என்ற வரி ஒன்று உண்டு, அதை மாற்றி வைத்திருக்கும் கணினியில் உங்கள் கோட் வேறு மாதிரி ஓடும்.

அடுத்தது அரைப் பிக்சல். மேட்லேப்பில் நீங்கள் தரும் 0, 4000 ஆகியவை முதல், கடைசி நிரைகளின் மையங்கள், அச்சு -15.625 முதல் 4015.625 வரை தானாக விரியும். மேட்பிளாட்லிப்பின் எக்ஸ்டென்ட்டோ வெளி விளிம்புகள். (0, 5, 0, 4000) என்று லோயரோடு கொடுத்தால் 129 நிரைகள் 4000க்குள் அடைபடும், ஒரு நிரை 31.008 ஹெர்ட்ஸ் ஆகும், தொனியின் மையம் 32.5 × 31.008, அதாவது ஏறத்தாழ 1007.75இல் விழும். சரியான எழுத்து:

அரை = 31.25 / 2
இம்ஷோ(அளவு, ஆரிஜின்='லோயர்', ஆஸ்பெக்ட்='ஆட்டோ', எக்ஸ்டென்ட்=(நே0 - நேஅரை, நேக - நேஅரை + நேபடி, 0 - அரை, 4000 + அரை))

நே0, நேக முதல், கடைசி நேரங்கள். நேபடி நேரப் படி, நேஅரை அதில் பாதி. 8 ஹெர்ட்ஸ் பிசகு பெரிய படத்தில் தெரியாது. ஆனால் 10 நிரை மட்டுமே உள்ள அணியில் அரை நிரை என்பது முழு உயரத்தில் 5 விழுக்காடு. மேலே ஒரு கோடு வரைந்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

புள்ளிவலை:
மேலே ஏதாவது வரைவது பற்றிச் சொன்னதால் மூன்று விஷயம்.

குயிவர், அதாவது திசை அம்புகள் வரைவது. மேட்பிளாட்லிப்பில் அம்புகளின் கோணம் இயல்பாக 'யூவி', அதாவது திரையைப் பொறுத்தது. அச்சைத் தலைகீழாக்கினாலும் அம்பு திரும்பாது. நேர்க்குறி வி திரையில் மேல்நோக்கியே காட்டும், அச்சிலோ மேல்நோக்கி எண் குறைந்துகொண்டிருக்கும். ஆங்கிள்ஸ்='எக்ஸ்ஒய்' கொடுத்தால்தான் அம்பு அச்சோடு சேர்ந்து திரும்பும். ஓட்டப் புலத்தைப் படத்தின் மேல் வரைபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மேட்லேப்பின் குயிவர் தரவு ஆயத்திலேயே வரையும், அங்கே இந்தச் சிக்கல் கிடையாது.

கான்டூர், அதாவது சமக்கோடுகள் வரைவது. அதற்கும் ஆரிஜின் உண்டு, ஆனால் இயல்பு மதிப்பு நன் (எதுவும் இல்லை). எதுவும் தராமல் இம்ஷோவின் மேல் வரைந்தால் நிரை எண்ணே ஒய் ஆயமாகிப் பொருந்திவிடும். 'இம்ஷோவில் அப்பர் இருக்கிறதே' என்று இங்கேயும் அப்பர் போட்டால் ஆயங்கள் புரண்டுவிடும், சமக்கோடுகள் படத்துக்குத் தலைகீழாக ஓடும். எக்ஸ், ஒய் வெக்டர்களை வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள், இந்த விளையாட்டே வேண்டாம்.

இன்வர்ட்_ஒய்ஆக்சிஸ். இது 'தலைகீழாக்கு' அல்ல, 'இருப்பதை மாற்று'. ஷேர்ஒய் போட்ட நான்கு துணைப்படங்களில் லூப் ஓட்டி அழைத்தால், நான்கும் ஒரே அச்சைப் பகிர்வதால் நான்கு முறை திரும்பிப் பழைய நிலைக்கே வரும். மூன்று படமென்றால் சரியாக வரும்! அதனால்தான் இது கண்ணில் படாமல் தப்புகிறது. செட்_ஒய்லிம்(128.5, -0.5) அல்லது ஒய்ஆக்சிஸ்.செட்_இன்வர்டெட்(ட்ரூ) எத்தனை முறை அழைத்தாலும் ஒரே விளைவு.

சீபார்ன் நூலகத்தின் ஹீட்மேப் தானே ஒய் அச்சைத் திருப்பிக்கொள்ளும், நீங்கள் மறுபடி திருப்ப வேண்டாம். மேல் நிரையும் கீழ் நிரையும் பாதி வெட்டப்பட்டு வந்தால் அது உங்கள் கோட் அல்ல: மேட்பிளாட்லிப் 3.1.1 பதிப்பில் (2019) இருந்த கோளாறு, 3.1.2இல் சரியாகிவிட்டது. பழைய சூழலில் மாட்டிக்கொண்டவர்கள் பதிப்பை ஏற்றினால் போதும்.

வடக்கு_மேலே:
வானிலை, புவித்தரவு பக்கமும் தினமும் இதே தலைவலி. ஈஆர்ஏ5 என்ற உலக வானிலைத் தரவின் கட்டத்தில் அகலாங்கு 90இலிருந்து -90க்கு இறங்கு வரிசையில் போகும், 0.25 பாகைக்கு 721 நிரை. 'வரைபடமென்றால் லோயர்' என்று பழக்கத்தில் போட்டால் உலகம் தலைகீழ். கடற்கரைக் கோடு இல்லாத படத்தில் இது தெரியாமலே போகலாம். நிலநடுக்கோட்டை வைத்துச் சோதிப்பதும் உதவாது: பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அது 360ஆம் நிரை, எந்தப் பக்கம் திருப்பினாலும் நடுவிலேயே நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு வெகுதொலைவில் ஒரு புள்ளியை எடுத்து, ஆய மதிப்பால் தேடிய எண்ணும் படத்தில் அந்த இடத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். நெட்டாங்கு 0 முதல் 359.75 வரை என்பதையும் மறக்க வேண்டாம். எக்ஸ்டென்ட்டில் -180, 180 என்று எழுதினால் பக்கவாட்டிலும் இடம் மாறும்.

மேட்பிளாட்லிப்பின் பிகலர்மெஷ்ஷுக்கு (ஒவ்வொரு கட்டத்தையும் அதன் ஆயத்தில் வரைவது) அகலாங்கு வெக்டரை அப்படியே கொடுத்தால் ஏறுவரிசையோ இறங்குவரிசையோ, அது பார்த்துக்கொள்ளும். ஆயம் மையங்களாக இருந்தால் ஷேடிங்='நியரஸ்ட்'. 'ஃபிளாட்' என்றால் விளிம்புகளை, அதாவது ஒன்று கூடுதலாகத் தர வேண்டும். பெரிய கட்டத்தில் இம்ஷோவைவிட மெதுவாக ஓடும், பிடிஎஃப் கோப்பும் வீங்கும்; ராஸ்டரைஸ்ட்=ட்ரூ போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்அரே நூலகம் பயன்படுத்துபவர்களுக்கு ஒய்இன்கிரீஸ் என்ற அளவுரு இருக்கிறது. கடல் ஆழம் போலக் கீழ்நோக்கிக் கூட வேண்டிய அச்சுக்கு அதை ஃபால்ஸ் ஆக்கினால் முடிந்தது.

ஜியோடிஃப் (புவி ஆயம் சேர்ந்த படம்) கோப்பில் ஜிடால் நூலகம் தரும் ஆறு எண்களில் கடைசி எண் வடக்கு மேலே உள்ள படத்துக்கு எதிர்க்குறியாக இருக்கும், 30 மீட்டர் பிக்சலுக்கு -30. முதல் எண்ணும் நான்காம் எண்ணும் மேல் இடது பிக்சலின் வெளி மூலை, மையம் அல்ல. ஆகவே மேல் = நான்காம் எண், கீழ் = நான்காம் எண் + நிரைகள் × ஆறாம் எண்; ஆரிஜின் அப்பர். இங்கே அரைப் பிக்சல் சேர்க்கவே கூடாது, சேர்த்தால் 15 மீட்டர் நகர்ந்துவிடும்.

வானியல் ஃபிட்ஸ் கோப்பு இதற்கு நேர்மாறு: முதல் பிக்சலைக் கீழ் இடதில் காட்டுவதே வழக்கம், அதன் மையம் (1, 1). பைத்தானின் ஆஸ்ட்ரோபை நூலகம் கொண்டு படித்தால் நம்பை அணியின் வடிவம் (நாக்சிஸ்2, நாக்சிஸ்1) என்று முன்பின்னாக வரும். லோயர் போடுங்கள், ஆயத்திலிருந்து ஒன்று கழியுங்கள்.

கட்டம்கட்டி:
மற்ற மென்பொருள்களையும் சேர்த்து வைத்தால் பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

ஆர் மொழியின் இமேஜ்(): இது வெறும் தலைகீழ் அல்ல. நிரையை எக்ஸ் ஆகவும் நிரலை ஒய் ஆகவும் எடுக்கும், முதல் நிரல் கீழே. தாளில் எழுதிய அணியை இடஞ்சுழியாக 90 பாகை சுழற்றிய தோற்றம். தாளில் உள்ளபடி வேண்டுமானால் நிரைகளைத் திருப்பி, பிறகு இடமாற்று அணி எடுக்க வேண்டும்: இமேஜ்(டி(மே[என்ரோ(மே):1, ])). எக்ஸ், ஒய் வெக்டர்கள் ஏறுவரிசையில் இல்லாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். தவறான படம் வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

க்னுபிளாட்: 'மேட்ரிக்ஸ் வித் இமேஜ்' முதல் நிரையைக் கீழே வைக்கும். செட் ஒய்ரேஞ்ச் [*:*] ரிவர்ஸ்.

பிளாட்லி: ஒரே நூலகத்துக்குள் இரண்டு வழக்கம். பிஎக்ஸ்.இம்ஷோ மேலிருந்து தொடங்கும், ஹீட்மேப் கீழிருந்து. பின்னதற்கு ஒய்ஆக்சிஸில் ஆட்டோரேஞ்ச்='ரிவர்ஸ்ட்'.

ஜூலியா: பிளாட்ஸின் ஹீட்மேப் முதல் நிரையைக் கீழே வைக்கும், ஒய்ஃபிளிப்=ட்ரூ போதும். மேக்கியில் முதல் சுட்டெண் எக்ஸ் அச்சோடு போகும், எனவே முதலில் இடமாற்று, பிறகு ஒய்ரிவர்ஸ்ட்.

இடமாற்று என்றதும் ஒன்று: மேட்லேப்பில் ஒற்றை மேற்கோள் சிக்கலெண்களின் இணையத்தையும் சேர்த்து எடுத்துவிடும். எண்ணளவு மட்டும் வரைந்தால் பாதகமில்லை. கட்டக் கோணத்தை (ஃபேஸ்) வரைந்தால் குறி மாறிப்போகும், புள்ளியோடு சேர்ந்த மேற்கோளைப் போடுங்கள்.

புள்ளிவலை:
எந்த மென்பொருளானாலும் திசையை உறுதிசெய்ய இந்த அணியை முதலில் வரைந்து பாருங்கள். 5 நிரை, 3 நிரல்:

1 1 1
1 0 0
1 1 0
1 0 0
1 0 0

ஆங்கில எஃப் எழுத்து. எட்டு விதமாகத் திருப்பிச் சுழற்றினாலும் எட்டும் வெவ்வேறு தோற்றம். தண்டு இடப்பக்கம் இருந்து கைகள் கீழே இருந்தால் ஒய் மட்டும் புரண்டிருக்கிறது. தண்டு மேலே கிடந்து கைகள் இடப்புறம் தொங்கினால் இடமாற்று. தண்டு கீழே கிடந்து கைகள் இடப்புறம் மேல்நோக்கி நின்றால் ஆர் மொழியின் சுழற்சி. உடன்மாறுபாட்டு அணி, தொலைவு அணி போன்ற சமச்சீர் அணிகளை வைத்துச் சோதிக்கவே சோதிக்காதீர்கள். இடமாற்று அதில் தெரியாது. சதுர அணியும் வேண்டாம், நிரையும் நிரலும் மாறியது அளவிலேயே தெரியட்டும்.

அலைவரிசை:
எஃப் அணி அருமை. கடைசியாக ஒரு கேள்வி: அதிர்வெண் அச்சை மடக்கை அளவுகோலில் காட்ட வேண்டும். ஆக்சிஸ் எக்ஸ்ஒய் போட்ட பிறகு ஒய்ஸ்கேலை 'லாக்' ஆக்கினால் போதுமா?

நிரைநிரல்:
போதாது. இமேஜ்எஸ்சி அதிர்வெண் வெக்டரின் முதல், கடைசி எண்களை மட்டுமே எடுத்துக்கொண்டு நடுவில் சம இடைவெளி என்று வைத்துக்கொள்ளும். மெல் அளவுகோல் (காது உணரும் சுருதிக்கேற்ற அதிர்வெண் அளவுகோல்) போலச் சமமற்ற வெக்டரைக் கொடுத்தாலும் எச்சரிக்கை எதுவும் இன்றி எண்கள் தவறாகிவிடும். மடக்கைக்கு இப்படிச் செய்யுங்கள்:

பிகலர்(நேரம், அதிர்வெண்(2:என்ட்), அளவு(2:என்ட், :))
ஷேடிங் ஃபிளாட்
செட்(ஜிசிஏ, 'ஒய்ஸ்கேல்', 'லாக்')

0 ஹெர்ட்ஸுக்கு மடக்கை இல்லை என்பதால் முதல் நிரையை விட்டுவிட்டோம். பிகலர் அச்சைத் தலைகீழாக்காது, ஆக்சிஸ் எக்ஸ்ஒய் தேவையில்லை. ஆனால் ஃபிளாட்டில் அது ஆயங்களை மூலைகளாக எடுத்துக்கொண்டு கடைசி நிரையையும் நிரலையும் வரையாமல் விட்டுவிடும், கட்டங்களும் அரை நிரை மேலே தள்ளியே நிற்கும். தொனி 1000க்கும் 1031.25க்கும் இடையே தெரியும். மையத்தில் நிற்க வேண்டுமானால் அதிர்வெண் வெக்டரிலிருந்து 15.625 கழித்துக் கொடுங்கள். நேர வெக்டருக்கும் அதன் படியில் பாதி.